ஆவடியின் இருவீச்சு: விஜயந்தாவும் கசிந்துபோன கம்ப்ரஷனும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் பழைய மொபெட் ஒரு காலையில் கிளம்ப மறுத்தது. கிக்கரை மிதித்தால் எதிர்ப்பே இல்லாமல் கீழே போய்விட்டுத் திரும்பி வந்தது. தள்ளிக்கொண்டே வேப்பம்பட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன். டூ ஸ்ட்ரோக் வண்டி என்றால் முகம் சுளிக்காத மெக்கானிக் ஒருவர் அங்கே இருந்தார். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொண்டு, கிக்கரை அழுத்தச் சொன்னார். விரல் அசையவில்லை. பிறகு அதே துளைவழியே ஒரு கரண்டி எண்ணெயை உள்ளே ஊற்றி, மீண்டும் அழுத்தச் சொன்னார். இம்முறை காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளியே சீறியது. ரிங் போய்விட்டது, சிலிண்டரையும் போர் அடிக்க வேண்டும் என்றார். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

அந்தச் சோதனையின் தர்க்கம் எளிமையானது. எண்ணெய் சிறிது நேரம் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலான இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அப்போது கம்ப்ரஷன் திரும்பி வந்தால் கசிவு அந்த இடைவெளியில்தான். வராவிட்டால் வேறெங்கோ தேடவேண்டும். முடிகூட நுழையச் சிரமப்படும் இடைவெளிதான். ஆனால் வண்டி ஓடுவதும் நிற்பதும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

இதே கேள்வி, எங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஐந்தாவது நிலையமான ஆவடியில், ஏறத்தாழ நாற்பது டன் எடையுள்ள ஒரு வண்டியைப் பற்றிக் கேட்கப்பட்டிருக்கிறது என்பதைப் பின்னர்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். விஜயந்தா என்ற பெயரை வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர் டாங்கி. அதன் பீரங்கியைப் பற்றியும் அது கண்ட போரைப் பற்றியும் எழுதப்பட்டிருக்கிறது. அதன் வயிற்றில் இருந்தது ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதும், அந்த எஞ்சினின் கதையே பெருமளவுக்கு அந்த டாங்கியின் கதை என்பதும் அதே அளவுக்குப் பேசப்பட்டதில்லை.

வேப்பம்பட்டுக்கும் ஆவடிக்கும் நடுவே திருநின்றவூர் இருக்கிறது. கையில் பொருளில்லாத பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே கல் சுமந்து, சுதை பூசி, கலசம் வைத்துக் கோயில் கட்டிய ஊர். காஞ்சியில் பல்லவன் எழுப்பிய கற்கோயிலின் குடமுழுக்கைக்கூட இறைவன் தள்ளிவைக்கச் சொன்னது அந்த மனக்கோயிலுக்காகத்தான் என்பது புராணம். மனத்திலோ தாளிலோ கட்டும் எதற்கும் கசிவு கிடையாது. விஜயந்தாவின் எஞ்சினும் தாளில் குறையற்றதாகவே இருந்தது.

ஒரு எஞ்சின் சுற்றில் நான்கு வேலைகள் நடந்தாக வேண்டும்: காற்றை உள்ளே இழுத்தல், அமுக்குதல், எரித்துத் தள்ளுதல், புகையை வெளியேற்றுதல். நான்கு வீச்சு எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் பிஸ்டனின் ஒரு பயணத்தை ஒதுக்குகிறது. இருவீச்சு எஞ்சின் இரண்டே பயணங்களில் நான்கையும் முடித்துவிடுகிறது. எனவே ஒவ்வொரு சுழற்சியிலும் ஒரு வெடிப்பு. அதே பருமனில் கூடுதல் வலு, வால்வுகள் வேண்டாம், உதிரிகள் குறைவு. ஸ்காட்லாந்துக்காரரான டூகல்ட் கிளார்க் 1881இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பத்தாண்டுகள் கழித்து ஜோசப் டே, கிராங்க் கூட்டையே காற்றுத்துருத்தியாகப் பயன்படுத்தும் வடிவத்தைக் கண்டார். நம் மொபெட்டுகளின் நேர்மூதாதை அது. (அதனால்தான் மொபெட்டுக்குக் கம்ப்ரஷன் இரண்டு இடங்களில் உண்டு. பிஸ்டனுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. கிராங்க் ஆயில் சீல் போனால் கீழ் அமுக்கம் போகும். அது கட்டைவிரலுக்குத் தெரியாது.)

டாங்கியின் எஞ்சின் வேறொரு கிளையில் பிறந்தது. 1892இல் ஜெர்மனியில் ஓக்கல்ஹாய்சரும் ஹியூகோ யுங்கர்ஸும் ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்களை எதிரெதிரே வைத்து ஒரு வாயு எஞ்சினை இயக்கிக் காட்டினார்கள். இரு பிஸ்டன்களும் ஒன்றை நோக்கி ஒன்று வந்து நடுவில் காற்றை நசுக்கும். எரிந்ததும் இரண்டும் விலகி ஓடும். சிலிண்டரின் ஒரு முனையில் காற்று நுழையும் துளைகள், மறுமுனையில் புகை வெளியேறும் துளைகள். பிஸ்டன்களே அவற்றைத் திறந்து மூடும். இந்த அமைப்பில் சிலிண்டர் தலை இல்லை. தலை இல்லாததால் ஹெட் கேஸ்கட் இல்லை. வால்வுகளும் இல்லை. மற்ற எஞ்சின்களில் கம்ப்ரஷன் கசியும் இரண்டு முக்கிய வழிகள் இங்கே பிறப்பிலேயே அடைபட்டவை. 1930களில் யுங்கர்ஸின் யூமோ 205 என்ற விமான டீசல் எஞ்சின் இப்படித்தான் பறந்தது. போருக்குப் பின் பிரிட்டனில் ரூட்ஸ் நிறுவனத்தின் டிஎஸ்3 எஞ்சின் காமர் லாரிகளை இழுத்தது. நேப்பியரின் டெல்டிக், மூன்று சிலிண்டர் வரிசைகளை முக்கோணமாக அடுக்கிப் போர்ப்படகுகளையும் ரயில்களையும் ஓட்டியது. ஆகவே எதிர்ப்பிஸ்டன் எஞ்சின் யாரோ ஒருவரின் கிறுக்குத்தனம் அல்ல. நல்ல வம்சம்.

1957இல் நேட்டோ நாடுகள் ஒரு கொள்கை முடிவுக்கு வந்தன. இனிவரும் போர்வண்டிகள் எந்த எரிபொருளிலும் ஓடவேண்டும்: டீசல், பெட்ரோல், விமான எண்ணெய், கையில் கிடைப்பது எதுவோ அது. ஐரோப்பாவில் அணுப்போர் மூண்டு எண்ணெய்க் கிடங்குகள் சிதறிப்போனால் என்ன செய்வது என்ற அச்சத்தில் பிறந்த கொள்கை. சீஃப்டன் டாங்கிக்கு வேறு எஞ்சினை எண்ணியிருந்த பிரிட்டிஷார் இந்தக் கொள்கைக்காகவே திசைமாறி, லேலண்ட் நிறுவனத்திடம் எதிர்ப்பிஸ்டன் இருவீச்சு எஞ்சின் ஒன்றை வாங்கினார்கள். அதுதான் எல்60. செங்குத்தாக நிற்கும் ஆறு சிலிண்டர்கள், பன்னிரண்டு பிஸ்டன்கள், மேலும் கீழுமாக இரண்டு கிராங்க் ஷாஃப்ட்டுகள், அவற்றை இணைக்கும் பற்சக்கர வரிசை, 19 லிட்டர் கொள்ளளவு. காற்றை உள்ளே தள்ளத் தனியாக ஒரு புளோயர். 700 குதிரைத்திறன் இலக்கு. தொடக்கத்தில் அதை எட்டவில்லை.

எந்த எரிபொருளிலும் ஓடுவது என்றால் என்ன பொருள் என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை நசுக்குவதால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசலைப் பற்றவைக்கும் வெப்பம் பெட்ரோலைப் பற்றவைக்கப் போதாது. பெட்ரோல் அமுக்கத்தால் எளிதில் எரியாதபடி தயாரிக்கப்படுவது. ஆகவே காற்றை இன்னும் கடுமையாக நசுக்கவேண்டும். கடுமையாக நசுக்கினால் ரிங்குகள், லைனர்கள், பற்சக்கரங்கள் எல்லாவற்றின் மீதும் சுமை ஏறும். அதாவது, என்றாவது ஒருநாள் பெட்ரோலில் ஓட நேரலாம் என்பதற்காக, நாள்தோறும் டீசலில் ஓடும்போதும் எஞ்சின் அந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கவேண்டும். நேட்டோவின் மற்ற நாடுகள் பின்னாளில் இந்தக் கொள்கையைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பிரிட்டன் பொருட்படுத்தியது. அதன் கையைப் பிடித்து நடந்த நாமும் பொருட்படுத்தியவர்கள் ஆனோம்.

ஆவடிக்கு வருவோம். ஆவடி என்ற பெயரே கவச வாகனங்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது என்று ஒரு விளக்கம் எங்கள் பக்கத்தில் வழங்குகிறது. பள்ளி ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். டாங்கித் தொழிற்சாலை வருவதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1955 ஜனவரியிலேயே, காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணி சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியதும் இதே ஆவடியில்தான், இதே பெயரில்தான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்தத் தீர்மானத்தின் வழியில் அரசுத் தொழிற்சாலைகள் எழுந்த காலத்தில், பாதுகாப்பு அமைச்சராக வி.கே. கிருஷ்ண மேனன் இருந்தபோது, 1961இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. விக்கர்ஸ் ஒரு டாங்கியை வடிவமைத்துத் தரும். முதல் வண்டிகள் அங்கிருந்து வரும். பிறகு ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் நாமே கட்டுவோம். சென்னை மாநிலத்தில் அப்போது காமராசர் முதல்வர், தொழில்துறை ஆர். வெங்கட்ராமன் கையில்.

1963இல் முன்மாதிரிகள் தயாராயின. பிரிட்டனின் புகழ்பெற்ற 105 மில்லிமீட்டர் எல்7 பீரங்கி, சீஃப்டனுக்கென உருவான எல்60 எஞ்சின், கனம் குறைந்த கவசம்: சந்தையில் கிடைத்த நல்ல உறுப்புகளைக் கோத்துச் செலவு குறைவாகச் செய்த வண்டி. 1965இன் இறுதியில் ஆவடியின் முதல் விஜயந்தா வெளிவந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த போரில் அசல் உத்தரின் கரும்புத் தோட்டங்களில் பேட்டன்களை எதிர்த்து நின்றவை பழைய செஞ்சூரியன்களும் ஷெர்மன்களுமே. விஜயந்தா போரைக் கண்டது 1971இல்.

எண்ணூரிலிருந்து வந்த லாரிகளால் லேலண்ட் என்ற பெயர் சென்னைக்காரர்களுக்கு அப்போதே பழக்கம். எடுத்தால் ஓடும், நின்றால் எந்த நெடுஞ்சாலையோர மெக்கானிக்கும் எழுப்பிவிடுவார். பெயர் ஒன்று என்பதால் டாங்கியின் லேலண்டும் அப்படித்தான் இருக்கும் என்று யாரேனும் எண்ணியிருந்தால் ஏமாந்திருப்பார்கள். லாரியில் இருந்தது நான்கு வீச்சு டீசல். எல்60க்கும் அதற்கும் குடும்பப் பெயர் தவிர உறவில்லை.

எல்60 கம்ப்ரஷனை எப்படி இழந்தது? கேஸ்கட்டும் வால்வும் இல்லாத எஞ்சின் என்றோமே, எஞ்சியிருப்பவை ரிங்கும் லைனரும். ஆனால் ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிஸ்டன் என்பதால் ரிங்குகள் கசியும் இடமும் இரண்டு. ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு பயணத்திலும் ரிங்குகள் லைனரில் வெட்டப்பட்ட துளைகளின் விளிம்புகளைத் தேய்த்துக் கடக்கவேண்டும். புகைவாயில் பக்கத்துப் பிஸ்டன் எப்போதும் மற்றதைவிடச் சூடாக இருக்கும். நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று பிஸ்டன் சற்றே ஆறும். இங்கே ஒவ்வொரு சுற்றும் வெடிப்பு. ரிங்குகள் உடைந்தன. லைனர்கள் விரிசல் கண்டன. லைனரின் வெளிப்புறத்தில் ஓடும் குளிர்நீரைத் தடுத்து நிறுத்தவேண்டிய சீல்கள் விட்டுக்கொடுத்தன. நீர் போகக்கூடாத இடத்துக்குப் போனது. கேஸ்கட் இல்லாத எஞ்சினில் கேஸ்கட் போனால் வரும் நோய் வந்தது. குறுகிய இடத்துக்குள் திணித்த பற்சக்கர வரிசையும் விசிறி இயக்கமும் தம் பங்குக்குத் தொல்லை கொடுத்தன.

இதெல்லாம் பிரிட்டிஷ் மண்ணிலேயே நடந்தவை. சீஃப்டன் உலகின் தலைசிறந்த டாங்கி, சரியான இடத்தில் பழுதாகி நிற்குமானால், என்றொரு கேலி அவர்கள் படையிலேயே வழங்கியது. ஆண்டுக்கணக்காக, ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தத் திட்டங்கள் வந்தன. அவற்றுள் சன்டான்ஸ் என்பது பெயர்பெற்றது. லைனர், ரிங், சீல் என்று ஒவ்வொன்றாக மாற்றி, 1970களின் இறுதியில்தான் எஞ்சின் ஓரளவு நம்பத்தக்கதாயிற்று.

இந்த எஞ்சின்தான் ராஜஸ்தானுக்குப் போனது. கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 19 லிட்டர் இருவீச்சு எஞ்சின், ஒவ்வொரு சுழற்சியிலும் தன் கொள்ளளவு முழுவதற்கும் காற்று வாங்குகிறது என்று கொண்டால், நிமிடத்துக்கு 2000 சுற்றில் 38,000 லிட்டர். அதே அளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் அதில் பாதியைத்தான் கேட்கும். உண்மையில் இருவீச்சு எஞ்சின் இன்னும் கூடுதலாகவே கேட்கும். பழைய புகையைத் துரத்த வீணாகும் காற்று வேறு இருக்கிறது. அவ்வளவு காற்றோடும் தார்ப்பாலைவனத்தின் நுண்மணல் வருகிறது. வடிகட்டியில் தப்பும் சிறுதுளி மணலும் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே உப்புத்தாளாக வேலை செய்யும். 45 பாகை வெயிலில் குளிர்விப்பும் திணறும். இங்கிலாந்தின் ஈரப் புல்வெளியிலேயே தடுமாறிய எஞ்சினுக்கு இதைவிடப் பொருத்தமற்ற நிலம் கிடைத்திருக்காது. விஜயந்தாவில் எஞ்சின் 535 குதிரைத்திறன் அளவுக்குத் தணித்தே ஓட்டப்பட்டது. ஏறத்தாழ 39 டன் வண்டிக்கு, டன்னுக்குப் பதினான்குகூட இல்லை. வயதான காளையை அரைவண்டிப் பாரத்தோடு ஓட்டுவதுபோல.

பழுதுபார்ப்பு எப்படி? மொபெட்டின் சிலிண்டரை மடியில் வைத்துக் கழற்றலாம். டாங்கியின் எஞ்சினை முதலில் வெளியே எடுக்கவேண்டும். பின்தளத்து மூடிகளைத் திறந்து, எரிபொருள், குளிர்நீர், மின்சார இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, மீட்பு வண்டியின் கிரேனால் மொத்தமாகத் தூக்கி, வேறொன்றை இறக்குவதுதான் களத்தில் செய்யக்கூடியது. உண்மையான வைத்தியம் பின்னால், பணிமனையில். அங்கே இரு கிராங்க் ஷாஃப்ட்டுகளையும் பற்சக்கர வரிசையையும் பிரிக்காமல் ஒரு ரிங்கைத் தொட முடியாது. மொபெட்டுக்குச் சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் பெரிதாகக் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். டாங்கிக்கு அந்தச் சலுகை இல்லை. தேய்ந்த லைனரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய லைனர். பிறகு இரு கிராங்க்குகளையும் ஒன்றுக்கொன்று சரியான கோணத்தில் கோக்கவேண்டும். புகைவாயில் பிஸ்டன் மற்றதைவிடச் சற்று முந்தி ஓடவேண்டும். அந்த முந்துதல் பிசகினால் புதிய லைனரும் புதிய ரிங்கும் வீண். தேய்மானத்தை அளக்கும் கருவி, புதிய லைனருக்கேற்ற வார்ப்பு, அதன் உட்பரப்பை மெருகேற்றும் நுட்பம் அத்தனையும் வேண்டும். 1960களில் சைக்கிளுக்கும் தையல் எந்திரத்துக்கும் உதிரி செய்யப் பழகியிருந்த ஒரு நாடு இவற்றைக் கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது.

இங்கேதான் என் மனக்குறை இருக்கிறது. உரிமம் பெற்றுச் செய்வது என்பதை நாம் பொதுவாகப் பாதி வெற்றியாகவே கருதுகிறோம்: முதலில் அவர்கள் வரைபடத்தில் செய்வோம், பிறகு நம் வரைபடத்தில். ஆனால் வரைபடத்தோடு பிழையும் வருகிறது. பிழையைக் கண்டுகொள்பவன் பணிமனையில் ரிங்கைக் கழற்றும் தொழிலாளி. அதைத் திருத்தும் அதிகாரம் கடல்கடந்து இருக்கிறது. ஒரு லைனரின் துளை விளிம்பை எவ்வளவு மழுக்கலாம் என்ற முடிவை ஆவடியில் எடுக்க முடியாத வரையில், ஆவடி ஒரு பெரிய பட்டறைதான். எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. 1980களின் நடுப்பகுதிவரை ஆயிரத்தைத் தாண்டிய விஜயந்தாக்கள் ஆவடியிலிருந்து போயின. சுதேசி உறுப்புகளின் பங்கும் ஆண்டுக்காண்டு ஏறியது. ஒரு பிழையை முழுக்க முழுக்கச் சுதேசியாகச் செய்யும் திறமையும் ஒரு திறமைதான் என்று சொன்னால் அது வெறும் குத்தல் அல்ல. அந்தத் துல்லியத்தில் உலோகத்தைக் கடையக் கற்ற கைகள் அதற்குப் பின்பும் இருந்தன.

இருவீச்சு என்ற கருத்தின் மீதே பழி போடுவதும் நியாயமல்ல. விக்கர்ஸ் நிறுவனம் இதே டாங்கியின் அடுத்த வடிவத்தைக் கென்யாவுக்கும் நைஜீரியாவுக்கும் விற்றபோது எல்60ஐக் கைவிட்டு அமெரிக்க டெட்ராய்ட் 12வி-71 எஞ்சினைப் பொருத்தியது. அதுவும் இருவீச்சுதான். ஆனால் சாதாரணப் பிஸ்டன், சாதாரணச் சிலிண்டர் தலை, லாரியிலும் படகிலும் பல்லாண்டு அடிபட்டுத் தேறிய குடும்பம். அது ஓடியது.

இதற்கு இணையான ஒரு நாடகம் சோவியத் நாட்டிலும் நடந்திருக்கிறது. கார்க்கிவ் நகரில் அலெக்சாண்டர் மொரோசோவ் வடிவமைத்த டி-64 டாங்கியில் இருந்ததும் எதிர்ப்பிஸ்டன் இருவீச்சு டீசலே. 5டிடிஎஃப் என்று பெயர். ஐந்து படுக்கைச் சிலிண்டர்கள், பத்துப் பிஸ்டன்கள், 13.6 லிட்டரில் 700 குதிரைத்திறன். வேர் அதே யுங்கர்ஸ். அதுவும் தூசியிலும் குளிரிலும் படுத்தியது. உரால் மலைப்பக்கத்து நீஷ்னி தாகில் ஆலைக்காரர்கள், இரண்டாம் உலகப்போரில் டி-34ஐ ஓட்டிய பழைய வி-2 எஞ்சினின் வம்சத்தைச் சேர்ந்த நான்கு வீச்சு வி12 டீசலைப் பொருத்தித் தம் போக்கில் ஒரு டாங்கியைச் செய்தார்கள். கார்க்கிவ்காரர்களுக்குப் பிடிக்காத அந்த வண்டி 1973இல் டி-72 என்ற பெயரில் படைக்குள் வந்தது. லண்டனில் ஒரு தாளில் தொடங்கிய இருவீச்சு ஆசையும் கார்க்கிவில் தொடங்கிய இருவீச்சு ஆசையும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே இடத்தில் இடறி விழுந்தன என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. அந்த இரண்டின் கதையும் கடைசியில் வந்து சேர்ந்த ஊர் ஆவடி என்பது அதைவிட வியப்பு.

1980களின் பிற்பகுதியில் ஆவடி டி-72ஐக் கட்டத் தொடங்கியது. நாம் இட்ட பெயர் அஜேயா. எஞ்சின்களுக்கென்றே 1987இல் ஆவடியில் தனித் தொழிற்சாலை எழுந்தது. வி-46 என்ற அந்த வி12 எஞ்சின் 780 குதிரைத்திறன் தந்தது. வண்டியின் எடையோ விஜயந்தாவைவிடச் சிறிதளவே கூடுதல். விஜயந்தாவின் வயிற்றிலிருந்து எல்60ஐ எடுத்துவிட்டு டி-72இன் எஞ்சினை வைக்கும் முயற்சியும் நடந்தது. உறுப்பு மாற்று அறுவை போன்ற அந்தத் திட்டம் செலவு பெரிது என்று கைவிடப்பட்டது. 2000களில் விஜயந்தா படையிலிருந்து விலக்கப்பட்டது. அதன் அடித்தளத்தை நீட்டி, ரஷ்ய 130 மில்லிமீட்டர் பீரங்கியைச் சுமக்கவைத்த கேட்டபல்ட் வண்டிகளும் இருந்தன. மற்றவை படைவளாக வாயில்களிலும் பூங்காக்களிலும் பெயின்ட் பூசிக்கொண்டு நிற்கின்றன. பிள்ளைகள் பீரங்கிக் குழாயைப் பிடித்துத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் சென்று எஞ்சின் மூடியை எட்டிப் பார்ப்பவர் யாரையும் பார்த்ததில்லை.

அர்ஜுன் டாங்கிக்கு வந்தது ஜெர்மனியின் எம்டியு 838 வரிசை எஞ்சின். நான்கு வீச்சு, 1400 குதிரைத்திறன். ஒரு சிறு குறிப்பு: அந்த வரிசையின் முந்தைய பிறவி, பல எரிபொருளில் ஓடுவதாகச் சொல்லப்பட்டு லெப்பர்ட் 1 டாங்கியில் போனது. ஆக, நேட்டோ கேட்ட அதே கேள்விக்கு ஜெர்மானியர் எழுதிய விடை, பிரிட்டிஷாரின் விடையைக் கைவிட்ட பிறகு ஆவடிக்கு வந்திருக்கிறது. சொந்த டாங்கி எஞ்சின் என்ற முயற்சியில் 1500 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று முதல்முறை இயக்கிப் பார்க்கப்பட்டது 2024 மார்ச்சில், மைசூரில் உள்ள பிஇஎம்எல் வளாகத்தில். ஆவடியின் சண்டை வாகன ஆராய்ச்சி நிறுவனம் அதில் ஈடுபட்டது. விக்கர்ஸ் ஒப்பந்தத்துக்கும் அதற்கும் இடையே 63 ஆண்டுகள்.

எங்கள் மொபெட் இரண்டாம் நாள் மாலை தயாராயிற்று. லேத் பட்டறையில் சிலிண்டரை அரை மில்லிமீட்டர் குடைந்து, அதற்கேற்ற பிஸ்டனும் ரிங்கும் போட்டிருந்தார். பட்டாபிராம் கிடங்கு வேலையிலிருந்து ரயிலில் திரும்பியிருந்த இருவர் தங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு முப்பதுக்கு மேல் போகாதீர்கள், எண்ணெயைக் கொஞ்சம் கூடுதலாகவே கலந்துகொள்ளுங்கள் என்றார் மெக்கானிக். இன்னும் இரண்டு முறை போர் அடிக்கலாம், அதற்குப் பிறகு ஸ்லீவ்தான் என்றும் சொன்னார். கிக்கரை மிதித்தேன். பாதியிலேயே காலை எதிர்த்துத் தள்ளியது.